மழையாற்று மக்கள்

மாரி பொய்த்தால் உலகம் என்னாகும் என்பது பற்றி நம் முன்னோர் மிகப் பேசியுள்ளனர். வள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார்; இளங்கோவடிகள் தம் காப்பியத்தின் தொடக்கத்திலேயே மழையைப் போற்றினார். வானத்தை நோக்கிக் குளம் வெட்டி வாழ்ந்த மக்களுக்கு அஃது இயல்பே. ஆயின், மழை பொய்க்குமோ என்ற கவலையே இல்லாது, மழை ஒருநாளேனும் ஓயாதோ என்று ஏங்கும் நாடும் உலகில் உண்டு. அந்நாட்டைப் பற்றியும், தம் விருப்பமின்றி அங்குக் கொண்டுவரப்பட்டுப் பின்னர் அதனைத் தமதாக்கிக்கொண்ட ஒரு மக்கட் கூட்டத்தைப் பற்றியும் இக்கட்டுரையிற் சில கூற விழைகின்றோம்.

மொழியும் பெயரும் தெய்வமும் உறவும் பறிக்கப்பட்ட மாந்தர், பின்னர் எவற்றைத் துணைக்கொண்டு மீண்டும் ஒரு சமுதாயமாக எழுகின்றனர்? இவ்வினாவுக்கு விடை காண விரும்புவோர் கொலம்பியா நாட்டின் பசிபிக் கரையில் வாழும் ஆபிரிக்க வழியினரின் வரலாற்றை நோக்குதல் தகும்.

நாடும் மழையும்

தென்னமெரிக்காவின் வடமேற்கு மூலையில் உள்ளது கொலம்பியா. அதன் மேற்குக் கரை, வடக்கே பனாமா எல்லையிலிருந்து தெற்கே ஈக்குவடோர் எல்லை வரை நீண்டு கிடக்கின்றது. சோக்கோ, வாயே தெல் கௌக்கா, கௌக்கா, நரீஞோ என்னும் நான்கு மாகாணங்கள் இக்கரையைப் பங்கிட்டுள்ளன. இவற்றுள் வடக்கே உள்ள சோக்கோ முழுவதுமே இம்மழை நிலத்தைச் சேர்ந்தது எனலாம். அதன் தலைநகர் அத்ராத்தோ ஆற்றங்கரையிலுள்ள கிப்தோ.

இங்கு மழை மிகுவதற்குக் காரணம் வெளிப்படை. பசிபிக் சமுத்திரத்தின் வெப்பநீரினின்று ஈரத்தை வாரிக்கொண்டு மேற்கிலிருந்து வீசும் காற்று, கரையை அடைந்ததும் அந்தீஸ் மலையின் மேற்குத் தொடரால் தடுக்கப்படுகின்றது. தடுக்கப்பட்ட காற்று மேலெழுந்து குளிர்ந்து தன் சுமையை அங்கேயே இறக்கிவிடுகின்றது. கிப்தோ நகரில் ஆண்டொன்றுக்கு 7,000 மில்லிமீற்றருக்கு மேல், அஃதாவது ஏறத்தாழ 275 அங்குலத்துக்கு மேல், மழை பெய்கின்றது. அதன் அயலிலுள்ள யோரோ என்னும் ஊரில் ஆண்டுச் சராசரி 13,000 மில்லிமீற்றர் வரை செல்லும் என மதிப்பிட்டோரும் உளர். உலகில் மிக்க மழை பெறும் ஊர் எது என்ற வழக்கில், மேகாலயத்து மௌசின்றாமுக்கும் சிரபுஞ்சிக்கும் இவ்வூரே போட்டியாக நிற்கின்றது.

இத்துணை நீரும் ஆறுகளாக ஓடவேண்டுமன்றோ? அத்ராத்தோ ஆறு வடக்கு நோக்கி ஓடிக் கரிபியன் கடலிற் கலக்கின்றது. சான் குவான், பௌதோ, பத்தீயா முதலிய ஆறுகள் பசிபிக்கிற் சேர்கின்றன. கடலோரத்தில் கண்டற் காடுகள் அடர்ந்துள்ளன. புவெனவெந்தூராத் துறைமுகத்தில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே நீர்மட்டம் ஏறத்தாழ நான்கு மீற்றர் வேறுபடும். ஆகவே இந்நாட்டார் சூரியனைப் பார்த்துப் பொழுதறிவதினும் நீரைப் பார்த்துப் பொழுதறிவதே மிகுதி. தெருக்கள் சிலவே, ஆறே தெரு, வள்ளமே வண்டி. ஒருவரது ஊரைக் கேட்டால் அவர் முதலிற் கூறுவது தம் ஆற்றின் பெயரையே. கிழக்கு, மேற்கு என்ற திசைகளினும் ஆற்றுக்கு மேலே, ஆற்றுக்குக் கீழே என்ற திசைகளே நாள் வழக்கில் மிக்கு நிற்பன.

வந்த வரலாறு

இக்காட்டுக்கு மாந்தரைக் கொண்டுவந்தது பொன்னாசை. ஆற்று மணலிற் பொன் கிடைப்பதைக் கண்ட ஸ்பானியர், முதலில் அந்நிலத்தின் ஆதிக்குடிகளாகிய எம்பரா, வௌனான் முதலியோரை வேலை வாங்க முயன்றனர். நோயாலும் கொடுமையாலும் அம்மக்கள் தொகை குன்றவே, 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஆபிரிக்க அடிமைகளைப் பெருந்தொகையாகக் கொணர்ந்தனர். கரிபியன் கரையிலுள்ள கார்த்தகேனா துறைமுகமே அவர்கள் விலைகூறப்பட்ட சந்தை. அங்கிருந்து ஆறுவழியாகவும் காட்டுவழியாகவும் சுரங்கங்களுக்கு அனுப்பப்பட்டனர்.

அடிமைகளுக்குச் சொந்தப் பெயர் இல்லை. கப்பலேறிய துறையின் பெயரையோ தம் இனத்துக்குப் பிறர் இட்ட பெயரையோ எசமானர் அவர்களுக்குச் சூட்டினர். இன்றும் இப்பகுதியில் கராபலீ, மீனா, லுக்குமீ, அராரா, மந்திங்கா என்ற குடும்பப் பெயர்கள் வழங்குகின்றன. கராபலீ என்பது நைஜீரியக் கரையிலுள்ள கலபார். மீனா என்பது பொற்கரையிலிருந்த எல்மினாக் கோட்டை. லுக்குமீ என்பது யொருபா மக்களைக் குறித்த சொல். விற்பனைச் சீட்டில் அடையாளமாக எழுதப்பட்ட சொற்களே, பேரர் காலத்தில் மூதாதையரின் நாட்டைச் சுட்டும் சான்றாகிவிட்டன.

இச்சுரங்கங்களில் நிகழ்ந்த ஒரு வேடிக்கையையும் ஈண்டுக் குறிப்பிடலாம். பொன்னோடு கலந்து வந்த வெண்ணிறமான ஓர் உலோகத்தைச் ஸ்பானியர் மதியாது, ‘சிறு வெள்ளி’ என்னும் பொருள்படப் ‘பிளாத்தீனா’ என்று இகழ்ந்தனர். பொன்னிற் கலந்து ஏமாற்றுவதற்கு அது பயன்படும் என்று அஞ்சி ஆற்றிலே கொட்டவும் செய்தனர். அதுவே பிற்காலத்தில் உலகம் பெருவிலை கொடுத்து வாங்கிய பிளாற்றினம். 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கம்பனியொன்று பெரிய தூர்வாரும் பொறிகளை நிறுத்தி அதே ஆற்றுப் படுகைகளைக் கிளறி அதனை எடுத்துச் சென்றது.

அடிமைகள் தம் விடுதலைக்காகப் பிறர் கருணையை மாத்திரம் எதிர்நோக்கி இருந்தாரல்லர். ஞாயிற்றுக்கிழமைகளிலும் திருநாட்களிலும் தமக்கென மணல் அரித்துப் பொற்றுகள் சேர்த்தனர். ஆண்டுக்கணக்கிற் சேர்த்த துகளை எசமானனுக்குக் கொடுத்துத் தம்மையும் தம் மனைவி மக்களையும் விலைக்கு வாங்கிக்கொண்டனர். தன் உடலைத் தானே விலைகொடுத்து வாங்கும் நிலையை எண்ணுந்தோறும் நெஞ்சம் நடுங்குகின்றது. எனினும் இவ்வழியாலேயே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோக்கோவில் அடிமைகளிலும் விடுதலை பெற்றோர் தொகை மிகுந்திருந்தது. 1821இல் அடிமைத் தாயரின் பிள்ளைகளுக்கு விடுதலையளிக்கும் சட்டம் வந்தது. 1851ஆம் ஆண்டு மே 21ஆந் தேதி அடிமை முறையை முற்றாக ஒழிக்கும் சட்டம் நிறைவேறி, 1852 சனவரி முதலாந் தேதி நடைமுறைக்கு வந்தது. எசமானருக்கு நட்டஈடு வழங்கப்பட்டது. விடுதலையானோருக்கு ஒரு சாண் நிலமும் வழங்கப்படவில்லை. அவர்கள் ஆறுகளின் வழியே பரந்து சென்று, ஆளில்லாக் கரைகளில் தாமே குடியேறினர்.

இல்லமும் உழவும்

வெள்ளம் ஏறி இறங்கும் கரையில் வீடு எவ்வாறு அமையும்? மரத்தூண்களின் மேல் உயர்த்திப் பலகையாற் கட்டுகின்றனர். முன்பு ஓலை வேய்ந்த கூரைகளே மிகுதி. இப்போது தகரம் பெருகிவிட்டது. வீட்டுக்கருகில் மற்றுமொரு சிறு பரண் நிற்கும். பழுதடைந்த பழைய வள்ளத்தையோ மரப்பெட்டியையோ தூண்களின் மேல் ஏற்றி, எறும்புப் புற்றிலிருந்து எடுத்த வளமான மண்ணை நிரப்பி, அதில் வெங்காயமும் மல்லியும் மணமூலிகைகளும் மருந்துச் செடிகளும் வளர்க்கின்றனர். ‘அசொத்தேயா’ என்று வழங்கும் இத்தொங்குதோட்டம் பெண்களின் ஆட்சிக்குரியது. வெள்ளமும் கோழியும் இலைவெட்டும் எறும்பும் எட்டாத உயரத்தில் இருப்பதே இதன் சிறப்பு. கறிக்கு வேண்டிய மணமும் காய்ச்சலுக்கு வேண்டிய கியாழமும் இங்கிருந்தே வருகின்றன.

உழவு முறையும் மழைக்கு ஏற்றதே. பிற காட்டு நாடுகளிற் காட்டை வெட்டி எரித்துச் சாம்பலில் விதைப்பர். இங்கோ எரிப்பதற்கு ஈரம் உலர்வதில்லை. ஆகையால் முதலில் விதையைத் தூவிப் பின்னர் மரஞ்செடிகளை அதன்மேல் வெட்டி வீழ்த்துகின்றனர். வீழ்ந்த தழை உக்கி உரமாக, அதனூடே சோளமும் நெல்லும் முளைத்தெழுகின்றன. வாழை, கிழங்கு, கரும்பு, சொந்தாதூரோ என்னும் பனைப்பழம், பொரொகோ என்னும் புளிப்புக் கனி ஆகியன இந்நிலத்தின் ஏனைய விளைவுகள். ஆற்றுமீனும் வாழைக்காயும் சேர்த்து அவித்த உணவு நாளாந்தம் உண்ணப்படுவது. தெற்கே கடலோரத்தில் மீனையும் இறாலையும் தேங்காய்ப்பாலில் ஆக்குவர். கண்டற் சேற்றில் முழங்கால் புதைய நின்று, வேர்களினிடையே கைவிட்டுச் சிப்பி பொறுக்குவது அங்குள்ள பெண்களின் தொழில். கரும்புச் சாற்றினின்று வடிக்கும் ‘விச்சே’ என்னும் பானம் மருந்தாகவும் விழாப் பானமாகவும் பயன்படும். நெடுங்காலம் கள்ளச்சாராயமென்று இகழப்பட்ட அதனை 2021ஆம் ஆண்டின் சட்டமொன்று இம்மக்களின் மரபுச் செல்வமாக ஏற்றுக்கொண்டது.

ஒருவர் நிலத்தில் இன்று பலர் கூடி உழைப்பர். நாளை அவர் மற்றவர் நிலத்தில் உழைப்பார். இம்முறைக்கு அவர்கள் இட்ட பெயரின் பொருள் ‘மாற்றிய கை’ என்பதாம். ஒரே மூதாதை வழிவந்தோரை ஒரு ‘மரத்தின் அடி’ என்று கூறும் வழக்கமும் தெற்குப் பகுதியில் உண்டு. அவ்வடியைச் சேர்ந்தவர் என்பதனாலேயே ஒருவருக்குப் பொன்மணல் அரிக்கும் உரிமை உண்டாகின்றது. கையால் வேலைசெய்வோர் மரத்தாற் குடைந்த தட்டில் மண்ணையும் நீரையும் இட்டுச் சுழற்றுவர். மண் கழிந்து பொன் அடியிற் றங்கும்.

பிறப்பும் இறப்பும்

குழந்தை பிறந்ததும் நஞ்சுக்கொடியை ஒரு மரக்கன்றின் அடியிற் புதைக்கும் வழக்கம் சோக்கோவில் உண்டு. அக்குழந்தை வளர்ந்தபின் அம்மரத்தைச் சுட்டி, ‘இது என் கொப்பூழ்’ என்று கூறும். கொப்பூழ்ப் புண் ஆறுகையில், ஏதேனும் ஒரு விலங்கு, செடி அல்லது உலோகத்தின் துகளை அதில் இடுவதும் உண்டு. அப்பொருளின் குணம் குழந்தைக்கு வரும் என்பது நம்பிக்கை. இச்சடங்கை நடத்துவோர் மருத்துவிச்சிகள். 2023இல் யுனெஸ்கோ மருத்துவிச்சிக் கலையை மனித குலத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தபோது, அதனை முன்மொழிந்த நாடுகளுள் கொலம்பியாவும் ஒன்று.

தொட்டிலருகிற் கூறப்படும் கதைகளுள் ‘அனான்சே’ என்னும் சிலந்தியின் கதைகள் குறிப்பிடத்தக்கன. மேற்காபிரிக்காவின் ஆகான் மக்களிடையே வழங்கும் அதே தந்திரச் சிலந்திதான் கடல் கடந்து வந்து இக்காட்டிலும் வலை பின்னுகின்றது. அடிமைக் கப்பலில் ஒருவர் எதனையும் உடன்கொண்டு வர இயலாது. கதையை மாத்திரம் எவரும் பறிக்கவில்லை.

இம்மக்கள் கத்தோலிக்க சமயத்தவர். ஆயினும் இறந்தோர்க்குச் செய்யும் கடனில் அவர்களுக்கெனத் தனி முறை உண்டு. சிறு குழந்தை இறந்தால் அழுவது தகாது. குற்றமறியாத குழந்தை நேரே வானவருலகு செல்லும் ஆதலின், பாட்டும் ஆட்டமும் விளையாட்டுமாக வழியனுப்புவர். வளர்ந்தோர் இறந்தால் ‘அலபாவோ’ என்னும் பாடல்களை இசைக்கருவி எதுவுமின்றி இரவு முழுவதும் பாடுவர். முதியவளொருத்தி முதலடியை எடுக்க, மற்றையோர் குரலெடுத்துச் சேர்ந்து முடிப்பர். ஒன்பது இரவுகள் செபம் நடக்கும். ஒன்பதாம் இரவின் இறுதியில், இறந்தவர் பொருட்டு வீட்டில் அமைத்த பீடத்தைக் கலைத்து விளக்குகளை அணைப்பர். அப்போதே ஆவி வீட்டை விட்டு நீங்கும் என்பது கொள்கை. இவ்வாறு பாடி அனுப்பப்படாதவர் அமைதி பெறார். அனுப்பாத உறவினரும் அமைதி பெறார்.

இக்கடன் எத்துணை ஆழமானது என்பதை ஒரு துன்ப நிகழ்ச்சி உலகுக்கு உணர்த்திற்று. 2002ஆம் ஆண்டு மே மாதம் 2ஆந் தேதி, அத்ராத்தோ ஆற்றங்கரையிலுள்ள பொஹயாப் பகுதியில் பார்க் கெரில்லாப் படையினரும் அவர்தம் எதிரிகளான துணைப்படையினரும் பொருதனர். ஊரார் தேவாலயத்துட் புகலடைந்தனர். கெரில்லாப் படையினர் எறிந்த வாயுக்கலக் குண்டு அத்தேவாலயத்தின் கூரையைப் பிளந்து வீழ்ந்தது. இறந்தோருட் பெரும்பாலோர் சிறுவர். போர் ஓயாமையால் உடல்களை அவசரமாகப் புதைத்துவிட்டு எஞ்சினோர் கிப்தோவுக்கு ஓடினர். பாட்டில்லை, ஒன்பது இரவுகள் இல்லை.

2016ஆம் ஆண்டு செப்டெம்பர் 26ஆந் தேதி அரசாங்கமும் கெரில்லா இயக்கமும் கார்த்தகேனாவிற் சமாதான உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டபோது, பல நாட்டுத் தலைவர்கள் கூடிய அவையில் பொஹயாவின் போகே என்னும் சிற்றூர்ப் பெண்கள் எழுந்து அலபாவோ பாடினர். ஒருகாலத்தில் அவர்தம் மூதாதையர் விலைகூறப்பட்ட அதே நகரில், அவர்கள் பாட, தலைவர்கள் கேட்டிருந்தனர். 2019 நவம்பரில், ஆய்ந்து அடையாளங் காணப்பட்ட எச்சங்கள் சிறு பேழைகளில் ஊருக்குத் திரும்பி வந்தன. 17 ஆண்டுகள் கழித்துத் தாயர் தம் மக்களைப் பாடி அடக்கஞ் செய்தனர்.

விழாவும் இசையும்

துக்கத்தை மாத்திரம் கூறி நிறுத்துதல் இம்மக்களுக்கு நீதி செய்வதாகாது. கிப்தோ நகரின் பாதுகாவலர் அசிசி நகரப் புனித பிரான்சிஸ். பிரான்சிஸ்கோ என்பாரை வீட்டில் பாச்சோ என்றழைப்பது ஸ்பானிய வழக்கு. இவர்களும் தம் புனிதரைச் ‘சான் பாச்சோ’ என்று செல்லப்பெயராலேயே அழைக்கின்றனர். செப்டெம்பர் 20 தொடங்கி ஒக்டோபர் 5 வரை விழா நடைபெறும். நகரின் 12 குறிச்சிகளும் முறைவைத்து ஊர்வலம் எடுக்கும். கிளாரினெற்று, முழவு, தாளம் முதலியன சேர்ந்த ‘சிரிமீயா’ இசைக்குழு முன்செல்ல, ஊரே ஆடிக்கொண்டு பின்செல்லும். ஒக்டோபர் 3இல் புனிதர் வள்ளத்தில் ஆற்றின்மேல் எழுந்தருள்கின்றார். மறுநாள் விடியலிற் பாடலும் பிற்பகலிற் பெரிய திருவூர்வலமும் நிகழும். 2012இல் யுனெஸ்கோ இவ்விழாவைத் தன் பட்டியலிற் சேர்த்துக்கொண்டது.

தெற்கே துமாக்கோ, குவாப்பி முதலிய ஊர்களில் மரிம்பா என்னும் கருவியே இசைக்குத் தலைமை. சொந்தாப் பனையின் வன்மையான மரத்துண்டுகளை வரிசைப்படுத்தி, அவற்றின் கீழே மூங்கிற் குழாய்களை அளவறிந்து தொங்கவிட்டு, இறப்பர் முனையுள்ள கோல்களால் தட்டி வாசிப்பர். ஆபிரிக்காவின் நினைவும் அமெரிக்கக் காட்டின் மரமும் கூடிப் பிறந்த கருவி இது. பொம்போ, குனூனோ என்னும் முழவுகளும், விதைகளை உள்ளடக்கிய குவசா என்னும் மூங்கிற் குழாயும் உடன் ஒலிக்கும். குவசாவைக் குலுக்கிப் பாடுவோர் பெண்கள். இவ்விசை 2010இல் யுனெஸ்கோவால் அங்கீகரிக்கப்பட்டது. 2015இல் ஈக்குவடோரின் எஸ்மெரால்தாஸ் பகுதியும் அதனுடன் சேர்க்கப்பட்டது. 1997 முதல் காலி நகரில் ஆண்டுதோறும் நடைபெறும் பெத்ரோனியோ அல்வாரெஸ் விழா, ஆற்றங்கரைப் பாடகரைப் பெருநகரின் மேடைக்குக் கொணர்ந்துள்ளது.

கல்வியும் உரிமையும்

நம் மாணவர் சிறப்பாக அறியவேண்டியது இனிக் கூறுவது. 1907இல் சோக்கோவிற் பிறந்த தியேகோ லூயிஸ் கோர்தோபா சட்டங் கற்றுக் கொலம்பியப் பாராளுமன்றம் புகுந்தார். கல்வியின்மையே தம் மக்களின் எஞ்சிய விலங்கு என்று கண்டு, ஆண்களுக்கும் பெண்களுக்கும் பாடசாலைகள் வேண்டி ஓயாது வாதாடினார். 1947இல் சோக்கோ முழு உரிமையுள்ள மாகாணமாவதற்கும் அவரே முன்னின்றார். கிப்தோவிலுள்ள பல்கலைக்கழகம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

அதே சோக்கோவில், சேர்த்தெகி என்னும் ஊரில் 1924இற் பிறந்தவர் அர்னொல்தோ பலாசியோஸ். இளம்பிள்ளை வாதத்தால் ஊன்றுகோலோடு நடந்தவர். தலைநகர் பொகொத்தாவில் அவர் ஒரு நாவல் எழுதி முடித்திருந்தார். 1948 ஏப்பிரல் 9ஆந் தேதி, அரசியற் றலைவர் கைத்தான் கொலையுண்ட கலவரத்தில் நகரம் எரிந்தபோது அக்கையெழுத்துப் பிரதியும் எரிந்து சாம்பலாயிற்று. அவர் மனந்தளராது நினைவிலிருந்தே சில வாரங்களில் அதனை மீண்டும் எழுதினார். கிப்தோவில் பசித்துத் திரியும் ஓர் இளைஞனின் கதையாகிய அந்நாவல் ‘விண்மீன்கள் கரியன’ என்னும் பொருள்படும் பெயரோடு 1949இல் வெளிவந்தது. தேர்வில் ஒருமுறை தவறியதும் ஏட்டை மூடிவைக்கும் இளைஞர் இச்செய்தியைச் சிறிது சிந்திப்பாராக.

ஆற்றங்கரை நிலம் பரம்பரையாக ஆண்டு வந்தோருக்குச் சொந்தமாக எழுதப்பட்டிருக்கவில்லை. அரசின் ஏட்டில் அது தரிசு. 1991ஆம் ஆண்டின் அரசியலமைப்பும், அதனையொட்டி 1993இல் வந்த 70ஆம் இலக்கச் சட்டமும் இந்நிலையை மாற்றின. சமுதாய சபைகள் அமைத்து விண்ணப்பித்தோர்க்கு நிலம் கூட்டுடைமையாக வழங்கப்பட்டது. இவ்வாறு பெற்ற நிலம் 50 இலட்சம் ஹெக்டேயருக்கு மேற்பட்டது. அதனைத் தனியொருவர் விற்க இயலாது.

எனினும் உரிமைச் சீட்டு கையிலிருக்க, ஆறு நஞ்சாகிக்கொண்டிருக்கின்றது. பெரும் பொறிகளைக் கொண்டு சட்டத்துக்கு மாறாகப் பொன் தோண்டுவோர் பாதரசத்தை ஆற்றிற் கலக்கின்றனர்; அது மீனிற் சேர்ந்து, மீனை உண்போர் உடலிலும் சேர்கின்றது. ஆயுதக் குழுக்களின் அச்சுறுத்தலும் முற்றாக நீங்கிற்றில்லை. 2016இல் கொலம்பியாவின் அரசியலமைப்பு நீதிமன்றம் அத்ராத்தோ ஆற்றையே உரிமைகளுடைய ஒன்றாக அறிவித்து, அரசும் ஆற்றங்கரைச் சமுதாயங்களும் அதற்குப் பாதுகாவலராக இருக்கவேண்டுமென ஆணையிட்டது. மக்கள் தம் விடுதலையைத் தாமே வாங்கிய ஆற்றுக்கு இப்போது மக்கள் காவல். அயலிலுள்ள கௌக்காவிற் சுரங்கக் கொள்ளையை எதிர்த்து 2014இல் பெண்களைத் திரட்டித் தலைநகருக்கு நடந்த பிரான்சியா மார்க்கெஸ் என்பார், 2022இல் கொலம்பியாவின் துணைச் சனாதிபதியாகப் பதவியேற்றார். ஆபிரிக்க வழிவந்த பெண்ணொருவர் அப்பதவியை எய்தியது அதுவே முதன்முறை.

முடிவுரை

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இப்போது விடை கூறலாம். இம்மக்கள் மீண்டும் சமுதாயமானது அரண்மனையாலோ படையாலோ அன்று. மாற்றிய கையால் உழைத்தனர். பரண்மேல் மண்ணிட்டுப் பயிர் வளர்த்தனர். சிலந்தியின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லினர். இறந்தோரைப் பாடாது விடக்கூடாது என்ற கடனைக் கைவிடாது நின்றனர். அதன்பின் எழுத்தையும் சட்டத்தையும் கற்றுத் தமக்குரியதைக் கேட்டனர். கற்றவர் வந்து பழையதைக் களைந்தாரல்லர். பழையதைக் காக்கும் வலிமையையே கல்வி அவர்களுக்குத் தந்தது. கல்லூரியொன்றிற் பயின்று வெளியேறிய நமக்கும், பயின்றுகொண்டிருக்கும் நம் இளையோர்க்கும் இஃது எண்ணத்தக்க செய்தி என்று கருதியே இதனை எழுதினோம்.

அத்ராத்தோவில் இன்றும் மழை பெய்துகொண்டிருக்கும். எங்கோ ஒரு வீட்டில் முதியவளொருத்தி முதலடியை எடுத்துக்கொண்டிருப்பாள். அதனைத் தொடரும் இளங்குரல்கள் என்றும் குறையாதிருப்பனவாக.